ஈரம் கழித்த கணக்கு

சூளை ஹை ரோட்டில் லோகுவின் கடை.
மூன்று பொட்டலம் எடுத்து முதுகைத் திருப்பினேன்.
முகப்பில் இருக்கிற பூனைகள் எல்லாம்
சோபா வைத்த வீட்டுப் பூனைகள்.
விஷயம் முதுகில்தான் எழுதியிருக்கிறது,
பேன் முட்டையளவு எழுத்தில்.

"அக்கா, இதுல புரோட்டீன் முப்பத்திரண்டு பர்சன்ட்,
அந்தக் குழம்பு பாக்கெட்டுல வெறும் ஒம்போது"
என்றான் லோகு,
பக்கத்து வீட்டுப் பையன் மார்க் சொல்கிற குரலில்.

வேப்பேரியில் டாக்டர் எஸ்தர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்திருந்தார்:
ஈரத்தைக் கழியுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள்.

நூறு கிராம் குழம்பில் எண்பத்திரண்டு தண்ணீர்.
மிச்சம் பதினெட்டு. அதில் ஒன்பது என்றால் சரிபாதி.
காய்ந்த உருண்டையில் தண்ணீர் பத்துதான்.
தொண்ணூறில் முப்பத்திரண்டு,
மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே.
ஃபெயில் என்று நினைத்த ஒன்பது
முதல் ரேங்க் வாங்கிவிட்டது.

எனக்குத் தெரியாததா இது?
பழைய பேப்பர் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
நனைத்துக் கொண்டுவருகிற கட்டுக்கு
கிலோவுக்கு இருநூறு கழித்துத்தான் காசு.

அடுத்து, சேர்மானம்.
முதலில் கோழி. பரவாயில்லை.
பிறகு மக்காச்சோள மாவு.
பிறகு மக்காச்சோளப் புரதம்.
பிறகு, போனால் போகிறதென்று, உடைத்த மக்காச்சோளம்.
கூட்டினால் கோழியைத் தாண்டும்.
பிரித்து எழுதினால் கோழிக்குப் பின்னால் கைகட்டி நிற்கும்.
மச்சினன் பேரில் ஒன்று, மாமியார் பேரில் ஒன்று என்று
நிலம் எழுதுகிற அதே வித்தை.
எங்கள் பூனைக்குப் பெயர் தாசில்தார்.
ஆறு மாதமாக அவரும் இதைக் கண்டுகொள்ளவில்லை.

சாம்பல் எட்டு விழுக்காடு.
அள்ளிப் போட்டிருக்கிறார்களோ என்று பயந்தேன்.
இல்லையாம். எரித்தால் மிஞ்சுவது
அவ்வளவு என்று பொருளாம்.
மூலக்கொத்தளத்தில் அப்பாவை ஒரு பானையில் தந்தார்கள்.
விழுக்காடு போட்டிருக்கவில்லை.

கடைசியில் அந்த வரி:
இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருட்கள்.
எந்த இறைச்சி, என்ன உப?
லோகு தலையைச் சொறிந்தான்.
"கம்பெனிக்குத்தான் தெரியும்க்கா."

நாகூர் கனி பாய்க்கும் தெரிந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்
தொடைக்கறிக்கு நிற்கிறவர்களைக் கத்தியால் சுட்டி,
"இவங்க வேணாங்கிறது எல்லாம் உபபொருள்" என்றார்.
நுரையீரல், இதயம், சுவரொட்டி.
இதயத்தில் டாரின் என்று ஒன்று இருக்கிறதாம்,
அது இல்லாமல் போனால் பூனைக்குக் கண் அவிந்துவிடுமாம்.
அது எஸ்தர் சொன்னது.
கால் கிலோ கட்டச் சொன்னேன்.

சுவரொட்டியை மட்டும் அவர் தனியாக மடித்தார்.
"இது பூனைக்கு இல்லம்மா.
வெளுத்துப் போயிருக்கீங்க."

போன மாதத்து ரத்தப் பரிசோதனைத் தாள்
பைக்குள்ளேயே கிடந்தது, மடிப்புக் கலையாமல்.
பஸ்ஸில் பிரித்தேன்.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நான்கு.
இருக்க வேண்டியது பன்னிரண்டு என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது,
நல்ல பெரிய எழுத்தில்.

இரவு.
மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு
வாணலியில் சுவரொட்டி சுருங்குகிறது.
தரையில் தாசில்தாருக்கு மூன்று கிண்ணம்:
முப்பத்தைந்து சொச்சம்,
ஐம்பது,
அச்சடிக்காத வேகவைத்த இதயம்.
மூன்றையும் முகர்ந்தார்.
முத்திரைத்தாள் ஒட்டாத மனுவைப் போல என்னைப் பார்த்தார்.
பிறகு மேடையில் தாவி
அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெங்காயம் பூனைக்கு ஆகவே ஆகாதென்று
சீட்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறது.
"இது என்னுது" என்றேன்.

அந்தச் சமையலறையில் அப்படி ஒரு வாக்கியம்
எப்போது கடைசியாகக் கேட்டது என்று
எனக்கு ஞாபகமில்லை.
அவர் நகரவில்லை.
நானும்தான்.